கேட் தேர்வு முதல் ஐஐஎம் சேர்க்கை வரை: எதை எப்போது செய்ய வேண்டும்?

ஐஐஎம் எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களிலோ அவற்றுக்கு நிகரான கல்லூரிகளிலோ எம்பிஏ சேர விரும்பி, கேட் என்னும் பொதுச் சேர்க்கைத் தேர்வை முதன்முறையாக எழுதவிருக்கும் தமிழ்நாட்டு மாணவர்களுக்காக இது எழுதப்படுகிறது. முதுநிலைப் பொறியியலுக்கான கேட் வேறு தேர்வு. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. இளையவர்கள் பலரின் விண்ணப்பங்களையும் மாதிரித் தேர்வுத் தாள்களையும் உடனிருந்து பார்த்ததில், கணக்கு வராமல் வாய்ப்பை இழந்தவர்களைவிட, செய்ய வேண்டியதைத் தவறான மாதத்தில் செய்து இழந்தவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. எனவே பாடத்திட்டத்தைவிட வேலைகளின் வரிசைக்கே இங்கு முதலிடம்.

1. பழைய மதிப்பெண் சான்றிதழ்களை எடுத்து வையுங்கள் (பிப்ரவரி, மார்ச்)

பெரும்பாலானோர் பயிற்சிப் புத்தகத்தை வாங்கிவிட்டுத்தான் சேர்க்கை விதிகளைப் பார்க்கிறார்கள். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். கேட் மதிப்பெண் ஒன்றை வைத்து எந்த ஐஐஎம்மும் இடம் தருவதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்கள், பணி அனுபவம், பாலினம் ஆகியவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு விகிதத்தில் சேர்த்துக்கொள்கிறது. அகமதாபாத் இவை அனைத்தையும் கணக்கில் எடுக்கிறது. கல்கத்தா, நேர்முகத்துக்கு அழைக்கும் கட்டத்தில் பள்ளி மதிப்பெண்களுக்கு எடை தருகிறது, கல்லூரி மதிப்பெண்ணைச் சேர்ப்பதில்லை. பெங்களூரு பள்ளி, கல்லூரி இரண்டையும் பார்க்கிறது.

இந்த விதிகள் ஒவ்வோர் ஆண்டும் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் வெளியாகின்றன. சென்ற ஆண்டு விதியை இறக்கி, உங்கள் மதிப்பெண்களை அதில் இட்டு, அழைப்பு வர உங்களுக்கு எத்தனை பெர்சன்டைல் (தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரைவிட நீங்கள் மேலே இருக்கிறீர்கள் என்னும் எண்) தேவைப்படும் என்று தோராயமாகக் கணக்கிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 95 சதவீதம் எடுத்தவருக்கும் 72 சதவீதம் எடுத்தவருக்கும் இலக்கு ஒன்றாக இருக்காது. பள்ளி மதிப்பெண் குறைந்தவர், அதற்குக் குறைந்த எடை தரும் கல்லூரிகளை இப்போதே அடையாளம் கண்டுகொண்டால், டிசம்பரில் திகைத்து நிற்க வேண்டியிருக்காது.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று உண்டு. நிறுவனங்கள் வெளியிடும் ‘குறைந்தபட்ச கட்-ஆஃப்’ என்பது வாசலில் நிற்க அனுமதி மட்டுமே. பொதுப் பிரிவினர் உண்மையில் அழைக்கப்படும் பெர்சன்டைல் அதைவிட வெகு மேலே இருக்கும். அந்தக் குறைந்தபட்ச எண்ணை இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு சிக்கல் தமிழ்நாட்டுக்கே உரியது. 2021இல் பொதுத்தேர்வு நடக்காமல் பத்தாம் வகுப்பில் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டபோது, மாநிலப் பாடத்திட்ட மாணவர்களின் சான்றிதழில் மதிப்பெண் இடம்பெறவில்லை. அந்த ஆண்டு மாணவர்கள், விண்ணப்பத்தில் மதிப்பெண் கேட்கும் கட்டத்தில் தாமாக ஓர் எண்ணை இட்டு நிரப்பக் கூடாது. பதிவு தொடங்கியதும் கேட் உதவி மையத்துக்கு எழுதிக் கேட்டு, வந்த பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பின்போது சான்றிதழோடு பொருந்தாத எண், சேர்க்கையையே ரத்து செய்யப் போதுமான காரணம்.

2. எழுதப்போகும் தேர்வுகளை முடிவு செய்யுங்கள் (ஏப்ரல்)

கேட் தேர்வைப் பழைய ஐஐஎம்களில் ஒன்று சுழற்சி முறையில் நடத்துகிறது. 2024இல் கல்கத்தா, 2025இல் கோழிக்கோடு. நவம்பர் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று வேளைகளாக நடக்கும். ஐஐஎம்கள் மட்டுமன்றி டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஃப்எம்எஸ், ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்ட ஐஐடிகளின் மேலாண்மைத் துறைகள், ஐஐஎஃப்டி எனப்படும் இந்திய அயல்வணிகக் கழகம் போன்றவையும் இந்த மதிப்பெண்ணை ஏற்கின்றன.

ஜாம்ஷெட்பூரிலுள்ள எக்ஸ்எல்ஆர்ஐ மேலாண்மைக் கல்லூரி நடத்தும் எக்ஸாட், ஜனவரி முதல் ஞாயிறன்று வரும். கேட் தேர்வுக்குப் படித்தவர் ‘முடிவெடுத்தல்’ என்னும் பகுதிக்கு மட்டும் தனியாகப் பழகினால் இதையும் எழுதிவிடலாம் என்பதால், இரண்டாவது தேர்வாக இதையே பரிந்துரைப்பேன். சிம்பயோசிஸ் கல்லூரிகளுக்கான ஸ்னாப், நர்சி மோன்ஜி உள்ளிட்டவற்றுக்கான என்மாட் ஆகியவற்றை ஒரே பருவத்தில் மூன்று முறைவரை எழுதலாம். வேகமே இவற்றில் பிரதானம்.

தமிழ்நாட்டிலேயே, குறைந்த செலவில் படிக்க நினைப்பவர்கள் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். கேட் எழுதுகிறோமே என்று டான்செட்டை அலட்சியமாக விட்டுவிட்டு, மே மாதத்தில் கையில் எதுவுமில்லாமல் நிற்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

மூன்று தேர்வுகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தேர்வுக்கும் கட்டணம், பயணம், தனி மாதிரித் தேர்வுகள் என்று செலவு ஏறும், கவனமும் சிதறும்.

3. சான்றிதழ்களை ஜூலைக்குள் பெறுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பிசி, எம்பிசி பிரிவு மாணவர்கள், பள்ளிக் காலத்தில் வாங்கிய மாநில அரசின் சாதிச் சான்றிதழே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். மாநில இடஒதுக்கீட்டில் வருமான வரம்பு பார்க்கப்படாததால், கிரீமி லேயர் (வருமானத்தாலோ பெற்றோரின் பதவியாலோ ஒதுக்கீட்டுக்கு வெளியே நிறுத்தப்படும் மேல்தட்டு) என்ற ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரிவதில்லை. ஐஐஎம்கள் மத்திய அரசின் விதிப்படி நடப்பவை. அங்கே 27 சதவீத ஒதுக்கீடு, கிரீமி லேயருக்குள் வராத ஓபிசி பிரிவினருக்கு மட்டுமே. இதற்கு மத்திய அரசின் படிவத்தில் அமைந்த தனி ஓபிசி சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் பெறலாம்.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் சமூகம் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலும் அதுவும் முழுதாக ஒன்றல்ல. ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். அரசு ஊழியரான பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை; ஆனால் அவர்கள் வகிக்கும் பதவியின் நிலை தனியே பார்க்கப்படும். அப்பாவின் சம்பளம் 8 லட்சத்தைத் தாண்டுகிறதே என்று தகுதியிருந்தும் விண்ணப்பிக்காமல் பொதுப் பிரிவில் பதிவு செய்தவர்கள் உண்டு. பதிவு முடிந்த பிறகு பிரிவை மாற்ற முடியாது.

சான்றிதழ் அந்தந்த நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கமாதலால், ஏப்ரல் 1க்குப் பிறகு விண்ணப்பியுங்கள். பள்ளி, கல்லூரி சேர்க்கைக் காலமான மே, ஜூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கூட்டம் அதிகம். விண்ணப்பம் திருப்பப்பட்டால் மறுபடி அளிக்கவும் நாள் வேண்டுமல்லவா? பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி ஆகியவை பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லாவற்றிலும் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

4. விண்ணப்பம் (ஆகஸ்ட், செப்டம்பர்)

பதிவு ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து செப்டம்பரில் முடியும். பட்டப்படிப்பில் 50 சதவீதம் தேவை. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45. இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு கிடையாது.

எந்த ஐஐஎம்களில், எந்தப் படிப்புக்கு விருப்பம் என்பதை இந்தப் படிவத்திலேயே குறிக்க வேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எங்கே கிடைக்கப்போகிறது என்று எண்ணி நான்கைந்தோடு நிறுத்திக்கொள்வது வீண் தயக்கம். பின்னர் சேர்க்க வழியில்லை. சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்ற உங்கள் பல்கலைக்கழகம் தரும் சூத்திரத்தை மட்டும் பயன்படுத்துங்கள். பத்தால் பெருக்கினால் போதும் என்று நண்பர் சொன்னதை நம்பி இட்ட எண், நேர்முகத்தின்போது மேசையின் எதிர்ப்புறத்திலிருந்து கேள்வியாகத் திரும்பி வரும்.

5. அடித்தளம் (மார்ச் முதல் ஆகஸ்ட் வரை)

தேர்வின் அமைப்பு எளிமையானது. ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும், தரவு விளக்கமும் தர்க்கமும், கணிதம் என்று மூன்று பகுதிகள் இதே வரிசையில் வரும். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றை முன்கூட்டியே முடித்தாலும் அடுத்ததற்குத் தாவ முடியாது. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் முறையே 24, 22, 22 என மொத்தம் 68 கேள்விகள் வந்தன. சரியான விடைக்கு 3 மதிப்பெண்; கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தவறுக்கு 1 குறையும்; விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் குறைவதில்லை.

கணிதத்தை முதலில் தொடங்குங்கள். காரணம், இதில்தான் உழைப்புக்குப் பலன் விரைவாகத் தெரியும். சதவீதம், லாப நட்டம், விகிதம், நேரமும் வேலையும், வேகமும் தூரமும் அடங்கிய எண்கணிதத்தையும், அடுத்து இயற்கணிதத்தையும் முழுமையாக முடித்த பிறகே வடிவியலுக்கும் எண்ணியலுக்கும் செல்ல வேண்டும். வரிசை மாற்றம், நிகழ்தகவு முதலியவை கடைசி. கலைப் பிரிவு மாணவர்கள் வரிசை மாற்றத்தில் சிக்கித் துவண்டு கணிதத்தையே கைவிடுவதைப் பார்க்கிறேன். அதிகக் கேள்விகள் எண்கணிதத்திலிருந்தும் இயற்கணிதத்திலிருந்துமே வருகின்றன. அவற்றுக்கு எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான கணக்கு திடமாக இருந்தால் போதும்.

தர்க்கப் பகுதிக்குப் பாடத்திட்டம் என்று எதுவும் இல்லை. 2017 முதல் நடந்த தேர்வுகளின் வினாத்தாள்கள் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. தினமும் அவற்றிலிருந்து இரண்டு தொகுப்புகளை (ஒரே தரவை வைத்துக் கேட்கப்படும் சில கேள்விகள் ஒரு தொகுப்பு) நேரக் கணக்கில்லாமல் முழுதாக அவிழ்த்துப் பாருங்கள். விளக்க வீடியோவை உடனே திறப்பது இந்தப் பகுதியைக் கெடுக்கும் பழக்கம். பிறர் போட்ட அட்டவணையைப் பார்த்தால் எல்லாம் புரிந்தது போலவே தோன்றும். அட்டவணையை எப்படிப் போடுவது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே சோதிக்கப்படும் திறமை. அரை மணி நேரம் திணறிய பிறகு விளக்கத்தைப் பாருங்கள்.

ஆங்கில வாசிப்பே தமிழ்வழியில் படித்தவர்களை அதிகம் அச்சுறுத்துவது. அச்சத்தில் அவர்கள் சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்கிறார்கள். அதனால் பயன் மிகக் குறைவு. 24 கேள்விகளில் 16, நான்கு பத்திகளை வாசித்து விடையளிப்பவை. அவை கேட்பது ஆசிரியரின் வாதம் எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பதையே. எனவே தத்துவம், மானுடவியல், பொருளாதாரம், அறிவியல் வரலாறு என்று உங்களுக்குப் பழக்கமில்லாத துறைகளில் நாள்தோறும் ஒரு நீண்ட கட்டுரையை வாசியுங்கள். ஏயான் இணைய இதழும் கார்டியன் நாளேட்டின் நீள்கட்டுரைகளும் இதற்கு ஏற்றவை. வாசித்து முடித்ததும் கட்டுரையை மூடிவிட்டு, அதன் வாதத்தை மூன்று வரிகளில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் கட்டுரையின் சொற்களையே திருப்பிப் போட்டுத் தப்பிவிடலாம். தமிழில் எழுதும்போது புரியாத இடம் பளிச்சென்று தெரிந்துவிடும். முதல் சில வாரங்கள் இது எரிச்சலூட்டும், விடாதீர்கள்.

6. மாதிரித் தேர்வும் அதன் பிரேதப் பரிசோதனையும் (ஜூலை முதல் நவம்பர் வரை)

பாடம் முடியட்டும் என்று காத்திருந்து அக்டோபரில் மாதிரித் தேர்வைத் தொடங்குவது பெரும் தவறு. பாடம் ஒருபோதும் முடியாது. ஜூலையில் இரு வாரத்துக்கு ஒன்று, செப்டம்பரிலிருந்து வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என்பது நியாயமான அளவு. அதற்கு மேல் எழுதினால் அலசுவதற்கு நேரமிருக்காது. அலசாத மாதிரித் தேர்வு பழைய பிழைகளை இன்னும் ஆழமாகப் பதிக்கவே உதவும்.

இரண்டு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது மூன்று மணி நேர அலசல் வேண்டும். விடைக்குறிப்பைத் திறக்குமுன், தவறான கேள்விகளையும் விட்ட கேள்விகளையும் நேரக் கட்டுப்பாடின்றி மறுபடி போட்டுப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு தவறுக்கும் ஒரு காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: பாடமே தெரியவில்லை, தெரிந்தும் கணக்கில் பிசகியது, கேள்வியைத் தவறாக வாசித்தது, எடுத்திருக்கவே கூடாத கேள்வியை எடுத்தது. ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதுவதற்கு அனுமதியில்லை, ஏனென்றால் அதற்கு மருந்து கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டு. குறித்த விலையில் 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தும் கடைக்காரருக்கு 20 சதவீத லாபம் கிடைத்தால், குறித்த விலை அடக்கவிலையைவிட எவ்வளவு அதிகம்? ஒரு மாணவர் 40 என்று குறித்திருந்தார். அவர் எழுதிய காரணம் ‘அவசரம்’. உட்கார்ந்து கேட்டபோதுதான், தள்ளுபடி குறித்த விலையின் மீதும் லாபம் அடக்கவிலையின் மீதும் கணக்கிடப்படுவதை அவர் பிரித்தறியவில்லை என்பது தெரிந்தது. அடக்கம் 100 எனில் விற்பனை 120. அது குறித்த விலையில் 80 சதவீதம். ஆகவே குறித்த விலை 150, விடை 50. அவருக்குத் தேவைப்பட்டது நிதானமன்று, ‘எதன் மீது சதவீதம்’ என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொள்ளும் பழக்கம். அடுத்த வாரம் கலவைக் கணக்கிலும் அதே பிழை முளைத்திருந்ததைக் குறிப்பேடு காட்டிக்கொடுத்தது.

எத்தனை கேள்விகளைத் தொடுவது என்பதும் இங்குதான் தீர்மானமாகும். தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் 24ஐத் தொட்டு 12 சரி, 12 தவறு என்றால் 24 மதிப்பெண். 16ஐ மட்டும் தொட்டு 12 சரி, 4 தவறு என்றால் 32. பள்ளித் தேர்வில் ஒரு கேள்வியையும் விடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு, விட்டுவிடுவதும் ஒரு திறமை என்பது கடைசிவரை உறைப்பதில்லை. அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கும் சற்றுக் குறைவாக எடுத்தவர்களே 99 பெர்சன்டைலை எட்டியிருக்கிறார்கள்.

தர்க்கப் பகுதியில் இது இன்னும் முக்கியம். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாத் தொகுப்புகளின் நிபந்தனைகளையும் வாசித்து, எளியவை இரண்டைக் குறித்துக்கொண்டு, அதன்பின் தொடங்குங்கள். பன்னிரண்டு நிமிடம் கடந்தும் அட்டவணை நிரம்பாவிட்டால் அந்தத் தொகுப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிட வேண்டும். ஏற்கெனவே இவ்வளவு நேரம் போட்டாயிற்றே என்ற எண்ணம்தான் இந்தப் பகுதியில் பலரை மூழ்கடிப்பது. இரண்டு மூன்று தொகுப்புகளைப் பிழையின்றி முடிப்பவர் நல்ல நிலையிலேயே இருக்கிறார்.

மாதிரித் தேர்வில் வரும் பெர்சன்டைலைப் பார்த்து மகிழவோ நொறுங்கவோ வேண்டாம். அது அந்தப் பயிற்சி நிறுவனத்தில் எழுதியவர்களுக்குள்ளான இடம் மட்டுமே. 2024இல் கேட் எழுதியவர்கள் ஏறத்தாழ 2.93 லட்சம் பேர். அதில் 99 என்றால் உங்களுக்கு முன்னே ஏறத்தாழ 2,900 பேர் இருக்கிறார்கள் என்று பொருள்.

7. தேர்வு நாள்

நுழைவுச்சீட்டு நவம்பரில் வெளியாகும். உங்களுக்குரிய வேளை அதில்தான் தெரியும். கடைசி மாதிரித் தேர்வுகளை அதே வேளையில் எழுதிப் பழகுங்கள். மதியத்தில் தூங்கிப் பழகிய மூளைக்கு மதிய வேளைத் தேர்வு கடினம். மையத்துக்கு முந்தைய நாளே சென்று வழியைப் பார்த்துவிடுவது நல்லது. அசல் அடையாள அட்டை கட்டாயம். கைக்கடிகாரம், நகை, கைப்பேசி எதற்கும் உள்ளே அனுமதியில்லை. எழுதிப் பார்க்கத் தாளும் பேனாவும் அங்கேயே தருவார்கள். கணிப்பான் திரையில் இருக்கும்.

முதல் பகுதி மோசமாகப் போனாலும் இரண்டாவது பகுதி தொடங்கும்போது அதை மறந்துவிட வேண்டும். கடினம் உங்களுக்கு மட்டுமல்ல, அதே வேளையில் எழுதிய எல்லோருக்கும்தான். மூன்று வேளைகளின் மதிப்பெண்களும் சமன்செய்யப்பட்ட பிறகே பெர்சன்டைல் கணக்கிடப்படுகிறது.

8. முடிவு வருவதற்கு முன்னும் பின்னும் (டிசம்பர், ஜனவரி)

தேர்வு முடிந்த சில நாட்களில் உங்கள் விடைத்தாளும் விடைக்குறிப்பும் வெளியாகும். மதிப்பெண்ணைக் கணக்கிட்டு, எக்ஸாட் தேர்வுக்கு எவ்வளவு முயல்வது என்பதை அதைக்கொண்டு முடிவு செய்யுங்கள். முடிவு டிசம்பர் கடைசி வாரங்களில் வரும்.

கேட் படிவத்தில் ஐஐஎம் அல்லாத கல்லூரிகள் பெரும்பாலும் அடங்காது. எஃப்எம்எஸ், ஐஐடிகள் போன்றவற்றுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்; சிலவற்றுக்குக் கடைசி நாள் கேட் முடிவுக்கு முன்பே கடந்துவிடும். நவம்பர் மாத மும்முரத்தில் இது மறந்துபோகிறது என்பதால், செப்டம்பரிலேயே ஒரு தாளில் தேதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். திருச்சி உள்ளிட்ட புதிய ஐஐஎம்கள் சில, பொதுவான ஒரே நேர்முகத்தை நடத்துவதுண்டு. எவையெவை சேர்கின்றன என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

9. எழுத்துப் பயிற்சியும் நேர்முகமும் (டிசம்பர் முதல் மார்ச் வரை)

அழைப்பு வந்த பிறகு தயாராகலாம் என்று இருக்காதீர்கள்; அழைப்புக்கும் நேர்முகத்துக்கும் இடையே சில வாரங்களே இருக்கும். அகமதாபாத் ஒரு வாதத்தைக் கொடுத்து அதன் ஓட்டைகளை அலசச் சொல்கிறது. மற்றவை பொதுவாக ஒரு தலைப்பில் குறுங்கட்டுரை கேட்கின்றன. இருபது நிமிடத்தில் ஒரு பக்கம் கையால் எழுதும் பழக்கம் வேண்டும்.

நேர்முகத்தில் கேள்விகள் மூன்று ஊற்றுகளிலிருந்து வரும். முதலாவது, நீங்கள் பட்டப்படிப்பில் படித்த பாடம். ‘வேலைக்குச் சென்றபின் மறந்துவிட்டது’ என்ற பதிலை எந்தக் குழுவும் ரசிப்பதில்லை. விருப்பமான இரண்டு பாடங்களை ஆழமாகத் திரும்பிப் படியுங்கள். இரண்டாவது, உங்கள் வேலையும் ஊரும். நாமக்கல்காரரிடம் முட்டை விலையை யார் அறிவிக்கிறார்கள், எதை வைத்து என்று கேட்பார்கள். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு என்று பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. தீவன விலை ஏறும்போது பண்ணையாளர் என்ன செய்கிறார் என்று அடுத்த கேள்வி வரும். திருப்பூருக்கும் சிவகாசிக்கும் இதே கதைதான். மூன்றாவது, ஏன் எம்பிஏ என்ற கேள்வி. இதற்குப் பயிற்சி மையங்கள் எழுதித் தரும் ‘தலைமைப் பண்பு’ விடையைக் குழுவினர் அன்று காலையிலேயே பலமுறை கேட்டிருப்பார்கள். உங்கள் வேலையில் எந்த இடத்தில் முட்டி நிற்கிறீர்கள், அதைத் தாண்ட எந்த அறிவு தேவை என்று ஒரு நிகழ்வைக் கொண்டு சொல்லுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் சிறிய வாக்கியங்களில் பேசுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் வாய்ப்பு போய்விடாது; தெரிந்ததுபோல் மழுப்பினால் போகும்.

10. இடம் கிடைத்தபின் (ஏப்ரல் முதல் ஜூன் வரை)

பழைய ஐஐஎம்களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும். சேர்க்கைக் கடிதம் கிடைத்த வாரமே வங்கியை அணுகுங்கள்; ஏற்புக் கட்டணத்துக்குத் தரப்படும் அவகாசம் குறைவு. முன்னணிக் கல்லூரிகளுக்குச் சொத்துப் பிணையமின்றிக் கடன் தரும் திட்டங்கள் உள்ளன. பாரத ஸ்டேட் வங்கியின் ஸ்காலர் லோன் அவற்றில் ஒன்று. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு, பயனாளிகள் எண்ணிக்கைக்கு ஆண்டுவாரி வரம்பு இருக்கிறது. உள்ளூர்க் கிளையில் இவை தெரியாது என்று சொன்னால், மாவட்டத் தலைநகரிலுள்ள பெரிய கிளைக்குச் செல்லுங்கள்.

பெரிய கல்லூரியின் முடிவுக்காகக் காத்திருக்கும்போது, கையிலுள்ள இடத்தை விட்டுவிடாதீர்கள். முன்பணம் செலுத்துவதற்கு முன்பே, பின்னால் விலகினால் எவ்வளவு, எந்தத் தேதிவரை திரும்பக் கிடைக்கும் என்ற விதியை வாசித்துக்கொள்ளுங்கள்.

இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஐஐஎம் சேர்க்கை நாளில் பட்டச் சான்றிதழ் கையில் இருக்காது. பட்டத்துக்குத் தேவையான எல்லாத் தேர்வுகளையும் எழுதி முடித்துவிட்டதாக முதல்வரோ பதிவாளரோ அளிக்கும் கடிதத்தோடு தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, மதிப்பெண் சான்றிதழை வழக்கமாக டிசம்பர் 31க்குள் கேட்பார்கள். அந்தக் கடிதத்தின் வாசகம் ஐஐஎம் தரும் படிவத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். கல்லூரி அலுவலகம் தன் வழக்கமான ‘நன்னடத்தைச் சான்று’ தாளில் அடித்துத் தந்தால், வாங்காமல் அங்கேயே நின்று திருத்தி வாங்குங்கள். அரியர் ஏதேனும் பாக்கி இருந்தால் அதன் தேர்வுத் தேதியைப் பல்கலைக்கழகத்தில் மே மாதத்துக்குள் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.